பெரியாஸ்பத்திரியில் ஒருவருக்கு ஒரு மாதிரி ஏன்?

ஒரே இரவு, ஒரே கேசுவால்டி. வயலில் பாம்பு கடித்து வந்த ஒருவருக்குப் பத்து பாட்டில் விஷமுறிவு மருந்து உடனே ஏறுகிறது. அரை மணி கழித்து வந்த இன்னொருவருக்குக் கையில் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு ஓரமாக வைத்துவிட்டு, "உட்காருங்க, பார்ப்போம்" என்கிறார்கள். விடியும்வரை அவருக்கு அந்த மருந்து ஏறவே இல்லை. முதலாமவர் வீட்டார் ஊருக்குப் போய், "ஜி.எச்.சுல தெய்வம் மாதிரி பார்த்தாங்க" என்பார்கள். இரண்டாமவர் வீட்டார், "விஷக்கடின்னு போனா ராத்திரி பூரா சும்மா உட்கார வெச்சாங்க" என்பார்கள். இரண்டு பேருக்கும் நடந்தது சரியான வைத்தியம்தான்.

அந்தக் கண்ணாடிக் குழாயில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்து விஷம் ஏறினால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப் வேண்டாம். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது. தண்ணீர் மாதிரி ஓடினால் மருந்து தொடங்க வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத் தூள் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ முடிவு தப்பிவிடும். "என்ன இது" என்று எடுத்து ஆட்டிப் பார்க்கும் சொந்தக்காரராலும் தப்பிவிடும். கடிப்பதெல்லாம் விஷப்பாம்பு இல்லை. விஷப்பாம்பே கூட சில நேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அதனால் முதல் சோதனை நன்றாக இருந்தால், 24 மணி நேரம் வரை திரும்பத் திரும்பச் சோதித்தபடி வைத்திருப்பார்கள். விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். தேவையில்லாதவருக்கு அதைப் போடாமல் இருப்பது அவருக்குச் செய்யும் நல்லது.

கட்டுவிரியன் கணக்கு வேறு. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் இல்லாமல் போகலாம், பல் பட்ட இடமே தெரியாமலும் போகலாம். அதற்குக் குழாய்ச் சோதனை உதவாது, ரத்தம் சரியாகவே உறையும். கண் இமை கனத்துத் தொங்குவது, வயிற்று வலி, எச்சில் முழுங்க முடியாமை, பேச்சுக் குழறல் இவைதான் அடையாளம். "தூக்கக் கலக்கம்" என்று பக்கத்தில் இருப்பவர் விட்டுவிட்டால் அடுத்தது மூச்சு நின்றுபோவதுதான். ஆகவே காத்திருக்கச் சொன்னால் கூட இருப்பவருக்கு வேலை இருக்கிறது. இமையைப் பார்க்க வேண்டும். ஈறில் ரத்தம் கசிகிறதா, சிறுநீர் போகிறதா, என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியையும் எழுத வேண்டும். கோட்டைத் தாண்டினால் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். மோதிரம், மெட்டி, அரணாக் கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்து வரவும் வேண்டாம். அதில் இரண்டாவது ஆள் கடிபடுவார்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும்: "அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் பெரியவங்களுக்குப் போடுற அதே அளவா?" ஆமாம், அதே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. மருந்து விஷத்தை முறிக்கத்தான், உடல் எடைக்கு இல்லை.

நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையானாலும் தாலுகா ஜி.எச். ஆனாலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும், அங்கே போய்வந்தவர்கள் சொல்வது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததற்குக் காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில வேறுபாடு நோயே கேட்பது. மேலே சொன்ன பாம்புக்கடி மாதிரி. சில வேறுபாடு, ஆஸ்பத்திரி எப்படி ஓடுகிறது என்று ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாததால் வருவது. மூன்றாவது வகை அநியாயம். மூன்றையும் ஒரே கூடையில் போட்டு "கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னாலே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டால், திருத்த வேண்டியது திருந்தாது, பயப்பட வேண்டாததற்குப் பயந்து வட்டிக்குக் கடன் வாங்கித் தனியாருக்கு ஓடுவோம்.

முதல் வகையில் டெங்குவையும் சேர்க்க வேண்டும். "பிளேட்லெட் முப்பதாயிரத்துக்கு வந்துடுச்சு, ஏத்தவே இல்லை" என்பது மழைக்காலம் முழுக்கக் கேட்கும் புகார். ரத்தக் கசிவு இல்லாதவருக்கு, எண்ணிக்கை 10,000 அளவுக்குக் கீழே போகும்வரை பொதுவாகத் தட்டணு, அதாவது பிளேட்லெட், ஏற்றத் தேவையில்லை. டாக்டர் கவலைப்படுவது இன்னொரு எண்ணைப் பார்த்து: ரத்தத்தின் அடர்த்தி, அதாவது பி.சி.வி. ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்தால் அது ஏறும். ஆபத்து வருவதும் காய்ச்சல் கொதிக்கும்போது இல்லை, விட்ட பிறகு. பெரும்பாலும் நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டுடுச்சே, வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கிறாங்க" என்று சண்டை போட்டு டிஸ்சார்ஜ் வாங்கிப் போகிறவர்கள் சரியாக அந்த நாட்களில்தான் போகிறார்கள். அப்போது வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது.

நாய்க்கடியும் அப்படித்தான். "இவ்வளவு பெரிய காயம், தையல்கூடப் போடலை" என்பார்கள். போடக் கூடாது என்பதால்தான் போடவில்லை; உடனே தைத்தால் கிருமியை உள்ளே வைத்து மூடுவது மாதிரி. ரத்தம் வந்த கடிக்கு, காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின், அதாவது வெறிநோய்க் கிருமியை அங்கேயே முறிக்கும் ஊசி, போட வேண்டும். வலிக்கும், ஆனால் அதை விடக் கூடாது. தடுப்பூசி தோலுக்குள் போடும் முறையில் இரண்டு கையிலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28 ஆம் நாட்களில் நான்கு முறை. தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து முறை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐந்து, உங்களுக்கு நான்கு என்றால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. கடித்தவுடன் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வைக்காதீர்கள்.

இதே நாய்க்கடியில் மூன்றாவது வகையும் நடக்கும். தோலுக்குள் போடும் முறையில் ஒரு குப்பி பல பேருக்கு வரும். உடைத்தால் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சாயங்காலம் தனியாக ஒருவர் வந்தால் குப்பி வீணாகுமே என்று, "நாளைக்குக் காலைல வாங்க" என்று அனுப்பிவிடுவது சில இடங்களில் உண்டு. முதல் ஊசிக்கு இது தப்பு, முழுக்கத் தப்பு. "முதல் டோஸ், இன்னிக்கே போடணும்" என்று நின்று கேளுங்கள். பணியில் இருக்கும் மருத்துவரிடம் போங்கள். அப்போதும் நடக்கவில்லை என்றால் அங்கேயே நின்று அரசின் மருத்துவ உதவி எண் 104க்குப் போன் செய்யுங்கள்.

இரண்டாவது வகைக்கு வருவோம். இதில்தான் நம்மால் ஆகக்கூடியது அதிகம்.

எந்த வாசல் வழியாக உள்ளே போகிறீர்கள் என்பது முதலில். ஓ.பி. சீட்டு வரிசை ஒன்று, கேசுவால்டி வாசல் ஒன்று. நெஞ்சு வலியோடு நடந்தே வந்தவர், "வாயுப் பிடிப்புதான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஓ.பி. வரிசையில் ஒன்றரை மணி நேரம் நிற்பது தமிழ்நாட்டில் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்கக் கூடியது. அதே வலியோடு 108இல் வந்தவருக்குப் பத்து நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்துவிடுவார்கள். அவசரப் பிரிவில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு உயிருக்கு ஆபத்து, மஞ்சள் சற்றுப் பொறுக்கலாம், பச்சை காத்திருக்கலாம். வந்த நேரத்தை வைத்து வரிசை கிடையாது. உங்களுக்குப் பிறகு வந்தவரை முன்னால் தூக்கிப் போனால் அது சலுகை இல்லை. ஆனால் நிறம் பிரிப்பவருக்குக் கண்ணால் தெரிவதும் நீங்கள் சொல்வதும்தான் ஆதாரம். நடந்து வருபவரைப் பார்த்தால் பச்சை என்றுதான் தோன்றும்.

ஆகவே முதல் வாக்கியம் முக்கியம். "ரெண்டு நாளா உடம்பு சரியில்லைங்க, சாப்பிட முடியல, மருமக கூட்டிட்டு வந்தா..." என்று ஆரம்பிக்காதீர்கள். "நாலு மணிக்கு நெஞ்சு இறுக்க ஆரம்பிச்சுது, இடது கைக்குப் பரவுது, வேர்த்துக் கொட்டுது, சுகர் இருக்கு." இவ்வளவு போதும். சுகர் உள்ளவருக்கு வலியே இல்லாமல் வேர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம், அதையும் அப்படியே சொல்லுங்கள். முதல் ஈ.சி.ஜி. சாதாரணமாக இருந்து மறுபடி எடுத்தால் "பணத்துக்கு எடுக்கிறான்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. மாரடைப்பின் ஆரம்பத்தில் ஈ.சி.ஜி. மாறாமல் இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எவ்வளவு முன்னால் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, தலையில் ரத்தக் கசிவு வந்ததுண்டா, இதே மருந்து முன்பு போட்டதுண்டா என்று கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். ஊகித்து "இல்லை" என்று சொல்வது ஆபத்து.

பக்கவாதத்தில் கடிகாரம் இன்னும் கறார். வாய் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். அதற்குள் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவாக இருந்து அந்த ஊசியைப் போட்டால் ஆள் போய்விடுவார். காலையில் எழும்போதே கை வரவில்லை என்றால், கணக்கு எழுந்த நேரத்திலிருந்து தொடங்காது, கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்கும். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார் என்றால் பத்து மணிதான். ஸ்கேன் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய், டிரிப்ஸ் போட்டு, "மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பப்படுவதில்தான் பெரும்பாலோர் இந்த நேரத்தை இழக்கிறார்கள். அவர்கள் வீட்டார் பெரியாஸ்பத்திரியைத்தான் குறை சொல்வார்கள், "போய்ச் சேர்ந்தும் ஒண்ணும் பண்ணலை" என்று. 108இல் ஏறும்போதே "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு, சி.டி. இருக்கிற இடத்துக்குப் போகணும்" என்று சொல்லுங்கள். வழியில் தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்க வேண்டாம், புரையேறும்.

சாலை விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் ஏற்கும். 2021 இறுதியில் வந்தது, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். "போலீஸ் வரட்டும்" என்று யாரும் சிகிச்சையை நிறுத்திவைக்க முடியாது, உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. ஆனால் கேசுவால்டியில் ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவு, போடச் சொல்லி அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிபட்ட இடம், நேரம், வாகனம் பற்றி அங்கே முதலில் நீங்கள் சொல்வதுதான் பிறகு வழக்கு, காப்பீடு எல்லாவற்றிலும் எடுத்துப் பார்க்கப்படும். பதற்றத்தில் "கீழே விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டுப் பிறகு "கார் இடிச்சுது" என்று மாற்றினால் அலைச்சல்தான்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் யூனிட் முறை என்று ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அலைபவர்கள் ஏராளம். பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, எலும்பு மருத்துவம் எல்லாம் பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை மருத்துவர், கீழே உதவிப் பேராசிரியர்கள், மேற்படிப்பு மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் ஓ.பி. நீங்கள் திங்கட்கிழமை ஒரு யூனிட்டில் பார்த்து, ஸ்கேன் எடுத்துக்கொண்டு புதன்கிழமை வந்தால், உங்களை முன்பின் பார்த்திராத இன்னொரு யூனிட் இருக்கும். அவர்கள் முதலிலிருந்து கேட்பார்கள், மறுபடி ரத்தம் எழுதுவார்கள், சில சமயம் மாத்திரையை மாற்றுவார்கள். "நாளுக்கொரு டாக்டர், ஆளுக்கொரு பேச்சு" என்ற குறைக்குப் பாதிக் காரணம் இதுதான். ஓ.பி. சீட்டில் துறையின் எழுத்தோடு ஒரு எண் இருக்கும், அதுதான் யூனிட். முதல் நாளே, "சார், உங்க யூனிட் ஓ.பி. என்னிக்கு?" என்று கேட்டுச் சீட்டின் பின்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதை ஒவ்வொரு சீட்டிலும் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் எவ்வளவோ பேருடைய பஸ் செலவும் கூலியும் மிஞ்சும். அது ஆஸ்பத்திரி செய்ய வேண்டியது, நோயாளியின் வேலை இல்லை.

வார்டில் சேர்ந்தவர்களுக்கும் இதே யூனிட்தான். பெரிய டாக்டர் காலை ரவுண்ட்ஸில் வரும் அரை மணி நேரம்தான் உங்கள் கேள்விக்கான நேரம். அந்த நேரம் பார்த்து டீ வாங்கப் போகாதீர்கள். மூன்று கேள்வியைத் தாளில் எழுதி வையுங்கள்: என்ன நோய் என்று நினைக்கிறார்கள், எந்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள், எது நடந்தால் உடனே கூப்பிட வேண்டும். இன்னொன்று, செவிலியர் பணி மாறும் நேரத்தில் சொன்ன செய்தி தொலைந்துபோகும். போகிற சிஸ்டரிடம் "காய்ச்சல் அடிக்குது" என்று சொன்னதை, வந்த சிஸ்டரிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

மாத்திரைப் பை பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மொத்தமாக ஒப்பந்தம் போட்டு மருந்தின் மூலப் பெயரில் வாங்குவதால், கம்பெனி மாறும், அட்டையின் நிறமும் மாத்திரையின் வடிவமும் மாறும். போன மாதம் வெள்ளை வட்டம், இந்த மாதம் மஞ்சள் நீள்வட்டம். பாட்டி "இது வேற மாத்திரை" என்று நிறுத்திவிடுவார். அல்லது இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் போடுவார். இதைவிட மோசமானது, தனியார் டாக்டர் கம்பெனிப் பெயரில் எழுதிய பிரஷர் மாத்திரையும் ஜி.எச். கொடுத்த அம்லோடிபினும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்குவது. கால் வீங்கும், எழுந்தால் தலை சுற்றும், விழுந்து இடுப்பெலும்பு முறியும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், காலி அட்டை உள்பட, ஒரே மஞ்சப்பையில் போட்டு ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் "இது எதுக்கு, எத்தனை வேளை" என்று கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். வெளியில் வாங்கச் சொல்லி எழுதினால், "இதுக்குப் பதிலா நம்ம பார்மசியில இருக்கிறது ஏதாவது உண்டா?" என்று பணிவாகக் கேட்டால் போதும். பல முறை உண்டு என்றே பதில் வரும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒருவருக்கு இரண்டு நாளில் அனுமதி வருவதும் இன்னொருவர் இரண்டு வாரம் படுத்திருப்பதும் நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை; ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தாமதம் எங்கே விழுகிறது என்றால், ரேஷன் கார்டில். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் அப்பா வீட்டுக் கார்டிலேயே இருக்கும். பெயரின் எழுத்தோ பிறந்த தேதியோ ஆதாரில் ஒன்றும் கார்டில் ஒன்றுமாக இருக்கும். வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. ஊரில் இல்லை. நோய் வந்த பிறகு இதைச் சரிசெய்ய முடியாது என்றில்லை, ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு சரிசெய்வது கொடுமை. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே கார்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். சேர்ந்த அன்றே, மறுநாள் என்று தள்ளாமல், ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். உதவி எண் 1800 425 3993.

பிரசவ வார்டில்தான் மூன்று வகையும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். தலைப்பிரசவத்தில் லேசான வலியோடு சீக்கிரம் வந்துவிட்டால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் மூன்று பேர் பிறகு வந்து பெற்றுப் போவார்கள், அது இயல்பு. ரத்தம் குறைவு, பிரஷர், முன்பு சிசேரியன் ஆனது என்றால் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் சரியே. ஆனால் "கடைசி நேரத்துல தூக்கிவிட்டாங்க" என்ற புகாரில் நியாயம் பல முறை இருக்கிறது. ஏழாம் மாதமே தெரிந்த விஷயத்துக்காக வலி எடுத்த பிறகு அனுப்புவது, மயக்க மருந்து டாக்டர் ராத்திரி இல்லை என்பது காலையிலேயே தெரிந்திருந்தும் சொல்லாதது, இவை நிர்வாகக் குற்றங்கள். எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே கேளுங்கள்: "பிரசவம் இங்கேயே பார்ப்பீங்களா? ராத்திரின்னா சிசேரியன் வசதி இருக்கா?" கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணை எழுதி வைத்திருங்கள், பிறப்புச் சான்றுக்கும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கும் அதுதான் சாவி. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்பது அரசு விதி. ஏற்கெனவே பிள்ளை பெற்ற அனுபவம் உள்ள பெண்ணையே துணைக்கு அனுப்புங்கள். பிறந்த பிறகு முதல் இரண்டு மணி நேரம் தாயை விட்டு நகரக் கூடாது. வைத்த துணி ஐந்து நிமிடத்துக்குள் முழுக்க நனைந்தால் கத்திக் கூப்பிடுங்கள், மரியாதை பார்க்காதீர்கள்.

இப்போது பணம். குழந்தையைக் காட்ட, ஸ்ட்ரெச்சர் தள்ள, பிணவறையில் உடலைக் கொடுக்கக் கை நீட்டுவது இன்னும் நிற்கவில்லை. ஆண் குழந்தைக்கு ஒரு தொகை, பெண் குழந்தைக்கு ஒரு தொகை என்று கேட்பது கேட்கவே கூசும் அநியாயம். இந்தச் சேவை எல்லாம் இலவசம். சில ஸ்கேன்களுக்கு மட்டும் கட்டணம் உண்டு, அதற்குக் கவுன்ட்டரில் அச்சிட்ட ரசீது தருவார்கள். ரசீது இல்லாத பணம் எதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகாது. கொடுக்க மறுத்தால் நோயாளியை மோசமாக நடத்துவார்களோ என்ற பயம் பொய்யில்லை, அதனால் கொடுத்துவிட்டவரை யாரும் குறை சொல்லக் கூடாது. கேட்டவர் எந்தப் பணியாளர், எந்த வார்டு, என்ன நேரம் என்று குறித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன பிறகாவது எழுதுங்கள்.

பேச்சும் அப்படித்தான். பேன்ட் போட்டவரை "சார், உட்காருங்க" என்பதும், அழுக்கு வேட்டியோடு வந்தவரை "யோவ், தள்ளி நில்லு" என்பதும் ஒரே வாயிலிருந்து வருகிறது. ஒரு சிஸ்டர் இரண்டு வார்டைப் பார்க்கும் இரவில் எரிச்சல் வரும் என்பது உண்மை. ஆனால் அந்த எரிச்சல் ஏன் எப்போதும் ஏழைமேலேயே இறங்குகிறது? ஆள் பற்றாக்குறைக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். மரியாதைக் குறைவுக்கு அந்த ஆளே பதில் சொல்ல வேண்டும். நோயாளி எவ்வளவு விவரமாக நடந்துகொண்டாலும் இது மாறாது, புகார்தான் வழி.

புகார் எழுதும்போது "சரியாகக் கவனிக்கவில்லை" என்று எழுதினால் பயனில்லை. தேதி, நேரம், வார்டு, கட்டில் எண், உள்நோயாளிக்குத் தரும் ஐ.பி. எண், என்ன கேட்டோம், யார் என்ன சொன்னார், பிறகு என்ன ஆனது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். முதலில் நிலைய மருத்துவ அலுவலர், அதாவது ஆர்.எம்.ஓ. அங்கே நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். அடுத்து கண்காணிப்பாளர், மருத்துவக் கல்லூரி என்றால் டீன், தாலுகா, மாவட்ட மருத்துவமனை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநர். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணும் உண்டு. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று பலர் சொல்வார்கள். எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே வக்கீலுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைக் கேளுங்கள். தப்பு டாக்டருடையது என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம்.

எந்தப் புகாருக்கும் ஆதாரம் கேஸ் ஷீட்டும் ரிப்போர்ட்டும்தான். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கோபத்தில் "நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று கிளம்பினால், மருத்துவர் ஆலோசனைக்கு எதிராகப் போவதாகக் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு எழும் எந்தக் கேள்விக்கும் அந்தக் கையெழுத்தை எடுத்துக் காட்டுவார்கள். போகத்தான் வேண்டும் என்றால், "மேல் சிகிச்சைக்கு இன்ன மருத்துவமனைக்கு ரெபர் செய்யுங்கள்" என்று கேட்டு எழுதி வாங்குவது வேறு, ஓடிப்போவது வேறு.

சாதாரணமாக டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் சீட்டை வாங்கிப் பையில் திணிக்காமல் அங்கேயே படித்துப் பாருங்கள். நோயின் பெயர் இருக்கிறதா, தையல் பிரிக்கும் தேதி, மறுபடி வர வேண்டிய யூனிட் ஓ.பி. நாள், ஒவ்வாமை வந்த மருந்தின் பெயர், இன்னும் வராத ரிப்போர்ட் எது. கட்டியை வெட்டி சோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட் வரப் பல நாள் ஆகும்; அதை யாரும் உங்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், போய் வாங்கினால்தான் உண்டு. ராத்திரி மூன்று மணிக்குத் தானே டார்ச் அடித்து நரம்பு தேடி ஊசி போட்ட சிஸ்டரின் பெயரைத் தெரிந்துகொண்டிருந்தால், கிளம்பும் முன் ஒரு தாளில் தேதியும் வார்டும் போட்டு நாலு வரி எழுதி அதே ஆர்.எம்.ஓ. அறையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அதையும் பதிவு செய்துதான் ஆக வேண்டும்.